கான்செப்ட் ஷீட்டை யாருக்காக வரைகிறோம்?

ஆர்க்கிடெக்சர் படித்த எல்லோரும் ஒரு கேள்வியைத் தாண்டித்தான் வந்திருப்போம். ராத்திரி முழுக்க விழித்து ஷீட்டுகளை முடித்து, சுவரில் ஒட்டி, மாடலை மேசையில் வைத்துவிட்டு நிற்கும்போது, வேலையை மதிப்பிட வருகிற ஜூரியில் முதலில் வருவது அதுதான்: "சரி, உங்க கான்செப்ட் என்ன?" அதாவது, டிசைனின் மூல யோசனை என்ன? இந்தக் கேள்வி மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. படிக்கிற காலத்தில் தொடங்கியது, படிப்பு முடிந்ததும் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. சமீபத்தில் ஒரு கல்லூரியின் இரண்டாம் ஆண்டு ஜூரிக்குப் போய் உட்கார்ந்தபோது அது இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைய ப்ராஜெக்ட் ஒரு சின்ன ஆரம்பப்பள்ளி. ஒரு மாணவியின் பிளானைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு வகுப்பின் வாசலிலும் வராண்டா கொஞ்சம் அகன்று, சுவர் தடித்து, குழந்தைகள் உட்காரும் உயரத்தில் ஒரு திண்ணையாக மாறியிருந்தது. கைகழுவும் தொட்டிகள் வயதுக்கேற்ப மூன்று உயரங்களில் இருந்தன. வகுப்பறைக்கு இரண்டு பக்கமும் காற்று வழி இருந்தது. கான்செப்ட் என்னவென்று கேட்டார்கள். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தனியா ஒண்ணும் இல்ல சார். பெல் அடிச்சதும் பசங்க எங்க நிப்பாங்க, எங்க ஓடுவாங்கன்னு யோசிச்சுத்தான் ஆரம்பிச்சேன்" என்றாள். அந்தப் பதில் அங்கே எடுபடவில்லை. அடுத்து வந்த பையன் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் பிளான் போட்டிருந்தான். கூட்டுப்புழு சிறகு விரிப்பதுபோல் குழந்தை வளர்கிறது என்று அழகாகச் சொன்னான். சிறகின் நுனியில் வகுப்பறைகள் கூர்மையான மூலைகளில் முடிந்தன, மேசை போட இடமில்லை, ஒரு சிறகு முழுக்க மாலை வெயிலில் காயும். இருந்தும் அவனுக்குத்தான் பாராட்டு. அவன் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. கேட்ட கேள்விக்கு நன்றாகப் பதில் சொன்னான். கேள்வியைத்தான் நான் குறை சொல்கிறேன்.

அந்தப் பெண் சொன்னதும் ஒரு யோசனைதான், அதுவும் முழுமையான யோசனை. அதை ஒரு பெயர்ச்சொல்லாகச் சுருக்கி, பூ, பறவை, அலை என்று ஏதாவது ஒரு படத்தோடு முதல் ஷீட்டில், அதாவது கான்செப்ட் ஷீட்டில், ஒட்டவில்லை, அவ்வளவுதான். டிசைன் எப்படி வளர்கிறது என்பதைப் பற்றி நாம் ஸ்டூடியோ என்கிற டிசைன் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிற கதையும் அது உண்மையில் வளர்கிற விதமும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. கதையில் கான்செப்ட் முதலில் வரும். அதிலிருந்து எந்த அறை எதற்குப் பக்கத்தில் என்று வட்டங்களால் காட்டும் பப்பிள் டயகிராம், அதிலிருந்து பிளான், பிளானிலிருந்து எலிவேஷன் என்கிற முகப்பு வரைபடம், கடைசியில் மாடல். கையில் பென்சிலோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அப்படி வரிசையில் வந்து நிற்பதில்லை.

முதல் வரைவுக்குக் கட்டுப்பட்டவர்கள்

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் பாரிஸின் எக்கோல் தே போசார் நினைவுக்கு வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலைக் கல்வி என்றால் உலகமே பார்த்த இடம் அது. அங்கே போட்டி ப்ராஜெக்ட் ஒன்று தொடங்கினால், மாணவர்கள் தனித்தனித் தடுப்பறைகளில் போய் உட்கார வேண்டும். ஆசிரியரின் உதவி கிடையாது. பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் எஸ்கீஸ் என்கிற முதல் வரைவை முடித்துக் கொடுத்துவிட வேண்டும். அதைப் பள்ளி வாங்கி வைத்துக்கொள்ளும். மாணவர் அதன் பிரதியோடு வெளியில் இருக்கும் தன் ஆசிரியரின் பட்டறைக்குப் போய், வாரக்கணக்கில், சில போட்டிகளுக்கு மாதக்கணக்கில், அதை வளர்த்து முடிப்பார். கடைசியில் வந்து நிற்கும் பெரிய வரைபடம் அந்த முதல் வரைவோடு ஒத்துப்போக வேண்டும். அடிப்படை மாறிவிட்டால் போட்டியிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள்.

இப்படி ஒரு கடுமையான விதிக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. பட்டறைகள் பள்ளிக்கு வெளியே இருந்தன. அங்கே மூத்த மாணவர்களும் ஆசிரியரும் கை கொடுப்பார்கள். அப்படியிருக்க, மூல யோசனை இந்த மாணவருடையதுதான் என்று எப்படி உறுதிசெய்வது? தடுப்பறையில் தனியாக வரைந்த அந்த எஸ்கீஸ்தான் சாட்சி. அதாவது அது மதிப்பிடுபவரின் வசதிக்காக வந்த ஏற்பாடு. மாணவரின் யோசனை வளர வேண்டும் என்பதற்காக வந்தது இல்லை. அந்தப் பள்ளியில் கட்டடக்கலைப் பிரிவு 1968இல் முடிவுக்கு வந்தது. விதியும் போனது. ஆனால் நம்முடைய கான்செப்ட் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது வாரத்தில் கொடுத்துவிட வேண்டும், கடைசி ஜூரி வரைக்கும் அதற்கு விசுவாசமாக இருக்க வேண்டும், நடுவில் மாற்றினால் "ஏன் இப்படி தாவுறே?" என்ற கேள்வி வரும். காப்பியடிக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டிய அதே தேவைதான் இங்கும். இன்டர்நெட்டில் கோடிக்கணக்கான படங்கள் கொட்டிக் கிடக்கும்போது அந்தச் சந்தேகம் ஆசிரியர்களுக்கு வருவதும் புரிகிறது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிற கருவியையே நாம் படைப்பாற்றலுக்குப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஜன்னலோரம் ஒரு ஆள்

என் விஷயத்தில் எது திருப்பம் என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன். மூன்றாம் ஆண்டில் வந்த நூலக ப்ராஜெக்ட். ஒரு கிளை நூலகம், ஒரே தளம், சுமாரான சைட். நடுவில் ஒரு முற்றம் வைத்து, சுற்றிலும் அறைகளை அடுக்கி ஒரு பிளான் கொண்டுபோயிருந்தேன். ஸ்டூடியோ மேம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை, மாற்று என்றும் சொல்லவில்லை. "பிளான் இப்போதைக்குப் போதும். ஜன்னலோரமா ஒருத்தர் உட்கார்ந்து படிக்கிறாங்க இல்ல, அந்த ஒரு இடத்தை மட்டும் 1:20ல செக்‌ஷன் வெட்டி எடுத்துட்டு வா. ஆளை முதல்ல வரை. சுவரை அப்புறம் வரை" என்றார்.

அதுவரைக்கும் செக்‌ஷன் என்றால், கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டி உள்ளே காட்டும் அந்த வரைபடம், பிளான் முடிந்த பிறகு சப்மிஷனுக்காகப் போடும் ஒன்று. ஆட்களை ஷீட் வெறுமையாகத் தெரியக் கூடாதென்று கடைசியில் ஒட்டுவோம். இப்போது வெள்ளைத் தாளில், நிஜ அளவில் இருபதில் ஒரு பங்காக, ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கீழே இருக்கை, 45 செ.மீ. கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டரில் வருகிறது. ஜன்னலின் கீழ்விளிம்பை வழக்கம்போல் 90 செ.மீ.இல் வைத்தால் அவருக்கு வெளியே ஏதோ கொஞ்சம் தெரியும். பக்கத்தில் ஒரு குழந்தையை, அதன் உயரத்துக்கேற்ற தாழ்ந்த இருக்கையில் வரைந்தேன். குழந்தையின் கண்ணுக்கு நேரே சுவர்தான் இருக்கிறது. சரி, விளிம்பைக் கீழே இறக்கலாம். 45 செ.மீ.க்கு இறக்கியதும் அந்த விளிம்பே இருக்கையாகிவிட்டது. இருக்கையாக வேண்டுமென்றால் சுவர் அரை மீட்டருக்கு மேல் தடிமனாக இருக்க வேண்டும். வெறும் செங்கலை அவ்வளவு தடிமனாகக் கட்டுவதில் அர்த்தமில்லை. புத்தக அலமாரியின் ஆழமே 25, 30 செ.மீ. இருக்கிறதே, இரண்டு ஜன்னலுக்கு நடுவில் அலமாரியை நிறுத்தினால் சுவரின் தடிமன் தானாக வந்துவிடும்.

அடுத்து வெளிச்சம். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் வானத்தின் கூசல் கண்ணில் அடிக்கிறது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டினால் தன் நிழல் புத்தகத்தின் மேல் விழுகிறது. அப்படியென்றால் பக்கவாட்டில்தான் உட்கார வேண்டும், அலமாரியின் பக்கத்தில் முதுகைச் சாய்த்து, காலைக் கொஞ்சம் நீட்டி. அதற்கு ஜன்னல் ஒன்றரை மீட்டர் அகலமாவது வேண்டும். ஒன்றரை மீட்டர் என்று ஒரு அளவு கிடைத்ததும் நான்கு ஜன்னலுக்கு ஒரு தூண் என்று 6 மீட்டர் கிரிட் வந்தது. தூண்கள் அலமாரிக்குள் மறைந்துகொண்டன. இருக்கைக்கு மேல் கூரை தாழ்ந்திருந்தால் ஒதுங்கி உட்கார்ந்த உணர்வு வரும், அதனால் ஓரத்தில் 2.1 மீட்டர் உயரம் போதும். நடுவில் கூரையை உயர்த்தி மேலிருந்து வெளிச்சம் கொண்டுவரலாம். படிப்பவருக்குப் பின்னால் ஆட்கள் நடந்துபோனால் தொந்தரவு, அதனால் நடைபாதையைவிட ஓரத்தை 15 செ.மீ. தாழ்த்தினேன். தாழ்த்தியதும் சக்கர நாற்காலியில் வருகிறவர் எப்படி வருவார் என்ற கேள்வி எழுந்தது. 1:12 சரிவு என்றால் 15 செ.மீ. இறங்க 1.8 மீட்டர் ஓட்டம் வேண்டும். எல்லா இடத்திலும் அது முடியாது. சில ஜன்னல்களை நடைபாதை மட்டத்திலேயே விட்டு, நாற்காலி பக்கத்தில் வந்து நிற்க 90 செ.மீ. இடம் ஒதுக்கினேன்.

இவ்வளவும் ஒரே ஒரு ஆளை உட்கார வைத்ததிலிருந்து வந்தது. அடியில் உள்ள கோடு தெரியும் பட்டர் பேப்பரை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு வரைந்துகொண்டே போனதில், திரும்பிப் பிளானுக்கு வந்தபோது பழைய பிளான் பொருந்தவில்லை. முற்றம் நடுவிலிருந்து ஒரு பக்கமாக நகர்ந்து, சிறுத்து, குழந்தைகள் பகுதிக்கு வெளியே ஒரு தோட்டமாக நின்றது. கட்டடத்தின் நடுவில் இருந்த பெரிய வாசிப்பறையே காணாமல் போயிற்று. வாசிப்பறை சுவருக்குள் போய்விட்டது. அந்த வாக்கியத்தை எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது, இதுதான் என் கான்செப்ட் என்று. வாசிப்பறையாக மாறிய சுவர். அது சப்மிஷனுக்குச் சில நாட்களுக்கு முன்புதான் வந்தது. முதல் வாரத்தில் என்னை எவ்வளவு உலுக்கியிருந்தாலும் அது என்னிடமிருந்து உதிர்ந்திருக்காது, ஏனென்றால் அப்போது அது இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் மேம், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் கட்டிய எக்ஸிட்டர் நூலகத்தின் படங்களை எடுத்துக் காட்டினார். 1972இல் முடிந்த கட்டடம். வெளிவளையத்தில் செங்கல் சுவரோடு ஒட்டி, ஜன்னலுக்குக் கீழே மரத்தாலான படிப்பிடங்கள், ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தள்ளி மூடிக்கொள்ளும் ஒரு சின்ன ஜன்னல் கதவு. உள்வளையத்தில் கான்கிரீட் தளங்களில் புத்தகங்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு மனிதன் வெளிச்சத்தை நோக்கிப் போகிறான், நூலகம் அங்கேதான் தொடங்குகிறது என்கிற பொருளில் கான் சொன்னதையும் அப்போதுதான் கேட்டேன். முன்பே காட்டியிருந்தால் நான் அதையே வரைந்திருப்பேன். இதை வெறும் அனுமானமாகச் சொல்லவில்லை. டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பொறியியல் வடிவமைப்பு மாணவர்களை வைத்து நடத்திய சோதனைகளை 1991இல் வெளியிட்டார்கள். உதாரண வரைபடம் ஒன்றைப் பார்த்துவிட்டு வரைந்தவர்கள், அதிலிருந்த குறைகளையும் சேர்த்தே தங்கள் டிசைனுக்குள் கொண்டுவந்தார்கள். கேஸ் ஸ்டடியை, அதாவது ஏற்கெனவே கட்டிய கட்டடங்களைப் பார்த்துப் படிப்பதை, முதல் வாரத்தில் முடித்துவிட்டு டிசைனைத் தொடங்கும் நம் வழக்கத்தை இதை வைத்து யோசித்துப் பார்க்க வேண்டும். கேஸ் ஸ்டடி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கையில் நம்முடைய கேள்வி ஒன்று இருக்கும்போது போய்ப் பார்த்தால் அந்தக் கட்டடம் பதில் சொல்கிறது. வெறுங்கையோடு போனால் அதன் வடிவம் மட்டும்தான் நம்மோடு வருகிறது.

பெரியவர்களின் பழைய தாள்கள்

அந்த ப்ராஜெக்ட்டுக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு புகழ்பெற்ற கட்டடத்தைப் பற்றிப் படித்தால், முடிந்த படத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய வரைபடங்களைத் தேடுவேன். ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்ட்டோவின் வீபூரி நூலகம் அப்படிக் கிடைத்ததுதான். 1927இல் அந்த நூலகத்துக்கு நடந்த போட்டிக்கு அவர் கொடுத்து வென்ற டிசைன் அன்றைய வட ஐரோப்பாவின் செவ்வியல் பாணியில் இருந்தது. 1935இல் திறந்த கட்டடம் முழுக்க நவீனமானது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே ஆள் வரைந்தது என்று நம்புவது கஷ்டம். சைட் மாறியது, பணி தாமதமானது, இடையில் அவர் பைமியோவில் காசநோயாளிகளுக்கான சானடோரியத்தைக் கட்டினார், படுத்திருக்கும் நோயாளியின் கண்ணிலிருந்து அறையை யோசித்தார். விளக்கு கண்ணில் அடிக்கக் கூடாது, கூரையின் நிறம் இதமாக இருக்க வேண்டும், தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கக் கூடாது. அதையெல்லாம் யோசித்த ஒருவர் திரும்பி நூலகத்துக்கு வரும்போது பழைய வரைபடத்துக்கே எப்படி உண்மையாக இருப்பார்? பிற்பாடு ஆல்ட்டோ எழுதியிருக்கிறார்: எல்லாத் தேவைகளையும் மனதுக்குள் ஊற வைத்துவிட்டு, கொஞ்ச காலம் அதை மறந்து, குழந்தை வரைவதுபோல் மலைச்சரிவுகளும் வானத்தில் பல சூரியன்களுமாக வரைந்துகொண்டிருந்தாராம். அந்தச் சரிவுகளிலிருந்து பல மட்டங்களில் இறங்கும் வாசிப்புக்கூடமும், அந்தச் சூரியன்களிலிருந்து கூரை முழுக்க வட்ட வட்டமான வெளிச்சக் கூம்புகளும் வந்தன. கூம்புகளின் ஆழத்தால் நேரடி வெயில் உள்ளே விழாது, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் புத்தகத்தின் மேல் நிழல் விழாது. நான் ஜன்னலோரத்தில் திணறிய அதே பிரச்சினைக்கு அவர் கூரையில் விடை கண்டிருந்தார். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

சிட்னி ஆப்ரா ஹவுஸ் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1957இல் டென்மார்க்கின் யோர்ன் உட்சன் போட்டியில் வென்ற வரைபடத்தில் சிப்பி ஓடு போன்ற கூரைகள் சுதந்திரமான வளைவுகள். அவற்றை எப்படிக் கட்டுவது என்பதற்கு ஆண்டுக்கணக்கில் பல வடிவங்களை முயன்று, 1961இல்தான் எல்லாக் கூரைகளையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டி எடுக்கலாம் என்ற விடை வந்தது. இன்று அந்தக் கட்டடத்தின் கான்செப்ட் என்று பாடத்தில் படிக்கும் கோளம் போட்டியில் வென்ற தாளில் கிடையாது. கலிஃபோர்னியாவில் கான் கட்டிய சால்க் ஆய்வு நிலையமும் இப்படித்தான். நடுவில் ஒரு மரம்கூட இல்லாமல் கடலை நோக்கி ஓடும் அந்த ஒற்றை நீர்க்கோடு இல்லாமல் நம்மால் அந்த இடத்தை நினைக்க முடியாது. கான் அங்கே மரங்கள் நட்டுத் தோட்டம் போடத்தான் திட்டமிட்டிருந்தார். ஆய்வகங்கள் எழும்பி நின்ற பிறகு, 1966இல், மெக்சிகோவிலிருந்து கட்டடக் கலைஞர் லூயிஸ் பர்ரகானை வரவழைத்துக் காட்டினார். தோட்டம் வேண்டாம், கல் பரப்பிய வெளியாக விட்டுவிடுங்கள் என்று பர்ரகான் சொன்னதைக் கேட்டுத் தன் திட்டத்தைக் கைவிட்டார். அன்றைக்குக் கானுக்கு வயது 60ஐத் தாண்டியிருந்தது, புகழின் உச்சியில் இருந்தார். "ஏன் தாவுறே?" என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

முதல் யோசனையே கூடாதா?

இதை நண்பர்களிடம் சொன்னால் ஒரு எதிர்க்கேள்வி வரும், நியாயமானதுதான். எதையாவது பிடித்துக்கொள்ளாமல் எப்படித் தொடங்குவது? பிரிட்டனில் பொது வீட்டுத் திட்டங்களை வடிவமைத்தவர்களிடம் ஜேன் டார்க் என்ற ஆய்வாளர் பேட்டி எடுத்து 1979இல் எழுதிய கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது. தேவைகளை எல்லாம் அலசி முடித்துவிட்டு யாரும் வரையத் தொடங்கவில்லை. ஏதோ ஒரு எளிய யோசனையை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டு, அதை வரைந்து பார்த்துத்தான் பிரச்சினையையே புரிந்துகொண்டார்கள். நான் இதை மறுக்கவில்லை. என்னுடைய முற்றமும் அப்படி ஒரு யோசனைதான். அது இல்லாமல் மேம் கேட்ட செக்‌ஷனை வெட்ட எனக்கு இடமே இருந்திருக்காது.

டொனால்ட் ஷான் என்ற ஆய்வாளர் ஒரு ஸ்டூடியோ உரையாடலை வரி வரியாக ஆராய்ந்து 1983இல் எழுதினார். ஆர்க்கிடெக்சர் ஆசிரியர்கள் பலருக்கு அது பழக்கமானது. ஆரம்பப்பள்ளி ஒன்றை மேடுபள்ளமான சைட்டில் வைக்க முடியாமல் ஒரு மாணவி சிக்கிக்கொண்டு நிற்கிறாள். ஆசிரியர் அவள் தாளின் மேல் வரைந்தபடியே பேசுகிறார். ஏதோ ஒரு ஒழுங்கை எடுத்துக்கொண்டு தொடங்கு, அது காரணமில்லாத ஒழுங்காக இருந்தாலும் பரவாயில்லை, பிறகு எப்போது வேண்டுமானாலும் அதை உடைத்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு வேண்டிய வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. உடைத்துக்கொள்ள அனுமதியோடு கிடைக்கும் முதல் யோசனை மாணவரை வரைய வைக்கிறது. காப்பாற்றியே ஆக வேண்டும் என்று கிடைக்கும் முதல் யோசனை, அதற்கு ஆதாரம் தேட வைக்கிறது. வண்ணத்துப்பூச்சிச் சிறகின் நுனியில் மேசை போட முடியவில்லை என்று அந்தப் பையனுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். சிறகை வெட்டினால் கான்செப்ட் போய்விடுமே என்றுதான் விட்டிருப்பான்.

முதல் பார்வையிலேயே முழுதாக வந்த டிசைன்களும் உண்டு. மாயா லின் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது, வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவிடம் அமைய இருந்த புல்வெளியைப் போய்ப் பார்த்தார். நிலத்தை வெட்டித் திறக்க வேண்டும் என்று அங்கேயே தோன்றியது. வகுப்பு ப்ராஜெக்டாகத் தொடங்கியதைப் போட்டிக்கு அனுப்பினார். 1981இல் 1,421 வரைவுகளுக்கு நடுவில் அது வென்றபோது அவருக்கு வயது 21. ஆனாலும் அவருக்குத் தோன்றியது ஒரு செயல் என்பதைக் கவனிக்க வேண்டும். நிலத்தை வெட்டுவது. அது எதையும் போல இருக்கவில்லை. அதோடு அதுவும் அப்படியே நின்றுவிடவில்லை. வகுப்பு விமர்சனத்தில், இரண்டு சுவர்களும் சேரும் கோணத்துக்கு ஒரு பொருள் இருக்க வேண்டுமே என்ற பேச்சு வந்தது. போரில் இறந்தவர்களின் பெயர்கள், இறந்த ஆண்டு வரிசையில், 1959இல் அந்தக் கோணத்தில் தொடங்கி, ஒரு பக்கமாக ஓடி, மறு ஓரத்திலிருந்து திரும்பி வந்து 1975இல் அதே கோணத்தில் முடியும் வரிசை அதன் பிறகு உருவானது. டிசைனைவிட அதோடு அனுப்ப வேண்டிய விளக்கத்தை எழுதத்தான் அதிக காலம் எடுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். சொற்கள் அங்கேயும் கடைசியில்தான் வந்தன.

ஆகவே முதல் வாரத்தில் என்ன கேட்கலாம்? கான் ராச்செஸ்டரில் யூனிட்டேரியன் தேவாலயத்துக்கு வரைந்த ஒரு சின்னப் படம் எனக்கு எப்போதும் முன்னே நிற்கிறது. 1959இல் அந்த வேலை அவரிடம் வந்தது. நடுவில் வழிபாட்டுக்கூடம், சுற்றிலும் பள்ளி. அந்தக் கூடத்தின் இடத்தில் அவர் போட்டது ஒரு கேள்விக்குறி. அதை வைத்து வரைந்த முதல் டிசைனைச் சபையினர் செலவு தாங்காது என்று திருப்பிவிட்டார்கள். அவர் முதலிலிருந்து தொடங்கினார். 1962இல் நின்ற கட்டடத்தில் நடுக்கூடம் நடுவிலேயேதான் இருக்கிறது, ஆனால் நான்கு மூலைகளிலும் மேலிருந்து வெளிச்சம் இறங்கும் கோபுரங்களோடு, சுற்றியுள்ள அறைகள் தத்தம் தேவைக்கேற்ப நீண்டும் குறுகியும், முன்னால் இருந்த கெட்டிப்பட்ட சமச்சீர் இல்லாமல். கேள்விக்குறியோடு ஒரு மாணவர் இரண்டாம் வார ரிவ்யூவுக்கு வந்தால் நாம் அதை ஏற்றுக்கொள்வோமா? ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கட்சி. "இந்த வாரம் உனக்கு எது புரியலை?" என்று கேட்டால் திண்ணை வைத்துப் பள்ளி வரைந்த அந்தப் பெண் மணிக்கணக்கில் பேசியிருப்பாள்.

மாணவர்கள் தங்கள் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். இப்போது என்னிடம் காட்ட வருபவை பெரும்பாலும் கணினியில் நிஜம்போல் வரைந்த ரெண்டர்களால் நிரம்பியிருக்கின்றன. அந்தி வானம், ஈரத்தரை, ஓடும் குழந்தை, பறக்கும் பறவை. மென்பொருள் பழகிய யாரும் அந்த வானத்தைக் கொண்டுவரலாம். நான் தேடுவது ஒரு யோசனை கைவிடப்பட்ட பக்கத்தை. ஒரு ஸ்கெட்ச், அதன் மேல் இன்னொன்று, ஓரத்தில் "படிக்கட்டு இங்கே வந்தால் வகுப்புக்கு வெளிச்சம் போகிறது" என்று ஒரு கிறுக்கல். அந்த ஒரு வரியிலிருந்து அந்த மாணவர் எப்படி யோசிப்பார் என்று எனக்குத் தெரிந்துவிடும். முதலாண்டில் போட்ட மாடலும் ஐந்தாம் ஆண்டு தீசிஸும் எவ்வளவு வித்தியாசமானவை என்று காட்டுவதில் பெரிய விசேஷமில்லை, எல்லோரும்தான் வளர்கிறோம். ஒரே ப்ராஜெக்ட்டுக்குள், மூன்றாம் வாரத்துக்கும் பத்தாம் வாரத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு வேண்டும். பட்டர் பேப்பர்கள்தான் முதலில் குப்பைக்குப் போகின்றன என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

மாணவர்கள் கேட்பார்கள்: இதெல்லாம் சரி, கான்செப்ட் ஷீட்டுக்கு மதிப்பெண் இருக்கிறதே, என்ன செய்ய? கொடுங்கள். ஆனால் தலைப்பில் "இப்போதைக்கு" என்று எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள். வடிவத்தின் பெயரை எழுத வேண்டாம். அங்கே யார் என்ன செய்யப் போகிறார் என்பதை ஒரு வினைச்சொல்லோடு எழுதுங்கள். ஒரு ஆளை உட்கார வைத்து 1:20இல் ஒரு செக்‌ஷன் வரைந்து அதையும் கூடவே ஒட்டுங்கள். யோசனை மாறும்போது பழைய ஷீட்டைக் கிழிக்காமல் புதியதைப் பக்கத்தில் வையுங்கள், எது உங்களை மாற்ற வைத்தது என்று ஒரு வரி சேர்த்து. கடைசி ஜூரியில் கான்செப்ட் என்ன என்று கேட்டால் எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் விரித்துக் காட்டுங்கள். சில ஜூரர்கள் பொறுமையிழக்கலாம். சிலர் எழுந்து வந்து குனிந்து படிப்பார்கள், அவர்களோடு பேசிப் பாருங்கள், அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு வேண்டியது அங்கே கிடைக்கும்.